சீட்டு எங்கே என்று கேளுங்கள்
மதுரை மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை நகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் வட்டாரங்களிலும் மருந்துக்கடை நடத்துகிற பெரியவர்களுக்கும், அந்தக் கடைகளில் நாள் முழுக்க நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிற தம்பி தங்கைகளுக்கும் இந்த மடல்.

முகத்தை வெளுக்க வைக்கிற க்ரீம்களைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். பூசிக்கொள்கிற பெண்களுக்கும், பூசச் சொல்கிற வீட்டாருக்கும், விளம்பரம் எடுக்கிற கம்பெனிகளுக்கும் புத்தி சொல்லிப் பலர் எழுதிவிட்டார்கள். உங்களுக்கென்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த ட்யூப் முகத்துக்குப் போகுமுன் கடைசியாக இருப்பது உங்கள் கையில். மற்ற எல்லாரும் தவறினாலும் நீங்கள் ஒருவர் நினைத்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட முடியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த ஊரில் மருந்துக்கடைக்கு உள்ள மதிப்பு எனக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரியில் சீட்டோடு வெளியே வருகிற கிராமத்துக்காரர், எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது என்று உங்களைத்தான் கேட்கிறார். நீங்கள் உறையின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்க வைக்கிறீர்கள். கொரோனா ஊரடங்கில் மாசி வீதிகள் முழுக்க அடைத்துக் கிடந்தபோதும் உங்கள் கடைகள் திறந்திருந்தன. டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவதைக்கூட மக்கள் உங்களிடம் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஒரு வேண்டுகோளோடு வருகிறேன்.

கடந்த ஆவணி முகூர்த்தச் சமயத்தில், மேலூர் சாலைப் பக்கம் ஒரு கடையில் அம்மாவின் பிரஷர் மாத்திரைக்காக நின்றிருந்தேன். ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையில் ஒரு பெண் வந்தார். இருபது வயதிருக்கும். பர்ஸிலிருந்து, அடியிலிருந்து நுனிவரை சுருட்டிப் பிழிந்த ஒரு காலி ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தார். "அண்ணே, இதே ஒண்ணு குடுங்க. இல்ல, ரெண்டாவே குடுத்துருங்க. ரெண்டு நாளு பூசாட்டி மூஞ்சி எரியுதுண்ணே." கடைக்காரர் திரும்பி, அடுக்கிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து, பணத்தை வாங்கிப் போட்டார். வேறு பேச்சில்லை.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தேன். நெற்றியும் கன்னமும் வெளுத்திருந்தன. ஆனால் கன்னத்து மேட்டில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு ஓடியது. காதோரத்தில் பூனைமுடி அடர்ந்திருந்தது. தாடை நெடுகச் சின்னச் சின்னதாக ஒரே அளவில் பருக்கள். கழுத்து தன் சொந்த மாநிறத்தில் இருந்தது. டப்பாவின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. அதன் பக்கத்தில், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அந்தப் பெண்ணால் அதைப் படித்திருக்க முடியாது. படிக்க முடிந்தவர் படிக்கவில்லை.

அந்த ட்யூபில் இருப்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறை சேர்ந்து பார்ப்போம். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், அவற்றோடு மோமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு. 1975இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மேன், ஐசக் வில்லிஸ் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் இந்த மூவகைக் கூட்டை முன்வைத்தார்கள். கன்னத்தில் விழுகிற மங்குக்கு இன்றும் தோல் டாக்டர்கள் இதை எழுதுகிறார்கள். சில வாரங்களுக்கு மட்டும், கண்காணிப்பில் வைத்து எழுதுகிறார்கள். அமெரிக்காவில் இந்த வகைக் க்ரீமுக்கு 2002இல் அனுமதி கொடுத்தபோது எட்டு வாரம்தான் கணக்கு. மங்கு இல்லாத முகத்துக்கு, நிறத்துக்காக, வருடக்கணக்கில் பூச என்று இதை யாரும் செய்யவில்லை. அதே 1975இல்தான் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி'யும் சந்தைக்கு வந்தது. மருந்து ஒரு பக்கம், சிவப்பழகு ஆசை ஒரு பக்கம் என்று தனித்தனியே வந்தவை நம் ஊர் மருந்துக்கடை அடுக்கில் வந்து ஒன்றாகிவிட்டன.

முதல் சில வாரம் பலன் நிஜமாகவே தெரியும். அதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, முகம் வெளிறுகிறது. பருவின் சிவப்பு அமுங்குகிறது. நிறம் உண்டாக்கும் செல்களின் வேலை மந்தமாகிறது. பக்கத்து வீட்டார் "என்னடி பூசுற, பளிச்சுன்னு இருக்க" என்று கேட்கிறார்கள். ட்யூப் பெயர் அடுத்த வீட்டுக்கும் போகிறது. பிறகு தோல் மெலிகிறது. சுருங்கிய குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, நான் பார்த்த அந்தச் சிவப்பு நூல்களாக வெளியே தெரிகின்றன. முடி முளைக்கிறது. பரு வெடிக்கிறது. நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிந்து வீங்குகிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுகிறார்கள், உடனே அடங்குகிறது. இப்படித்தான் முகம் அந்த மருந்துக்கு அடிமையாகிறது. ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் பூசுகிறவர்களில் சிலருக்குத் தோலில் நீலம் பாய்ந்த கருமை படிகிறது. அதைப் போக்குவது மிகக் கடினம். வெளுக்க வாங்கியதே கடைசியில் முகத்தைக் கறுக்க வைத்துவிடுகிறது.

முகத்துத் தோல் மற்ற இடத்துத் தோலைப் போன்றதும் இல்லை. ஃபெல்ட்மன், மைபக் என்ற இருவர் 1967இல் அளந்து பார்த்தார்கள். முன்கைத் தோல் உறிஞ்சுகிற ஸ்டீராய்டைப் போல நெற்றி 6 மடங்கும் தாடை 13 மடங்கும் உறிஞ்சுகிறது. வீரியம் கூடிய ஸ்டீராய்டை வாரிப் பூசி, மாதக்கணக்கில் விட்டால், அது ரத்தத்தில் கலந்து சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம். உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டையே குறைத்துவிடலாம். இமையிலும் கண்ணோரத்திலும் தொடர்ந்து பட்டால் கண் அழுத்த நோயும் புரையும் வரலாம். ட்ரெட்டினாயின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஆனால் இதை வாங்குகிறவர்களில் கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்களும் புதிதாகக் கல்யாணமானவர்களும் உண்டு.

இது எங்கோ ஒன்றிரண்டு பேரின் கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் 12 மருத்துவ மையங்களில் தோல் டாக்டர்கள் ஓர் ஆய்வு நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். முகத்தில் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 126 பேர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ, பொதுவான முகப்பூச்சாகவோ, ஷேவிங்குக்குப் பிறகோ பூசியவர்கள். 257 பேருக்கு அதைச் சொன்னவர் டாக்டரே இல்லை. உங்களைத் தொடுகிற செய்தி அடுத்தது: டாக்டர் ஒருமுறை எழுதிக் கொடுத்தவர்களிலும் 83 சதவீதம் பேர் அதற்குப் பிறகு முறையில்லாமல் திரும்பத் திரும்ப வாங்கியிருந்தார்கள். அந்தத் திரும்ப வாங்குதல் நடந்த இடம் மருந்துக்கடை. இந்தப் பாதிப்புக்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று இந்தியத் தோல் மருத்துவர்களே தனிப்பெயர் வைக்க வேண்டிய நிலை வந்தது. அவர்களுடைய தேசியச் சங்கம் இதற்கென்றே ஒரு செயற்குழுவையும் அமைத்தது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. அதற்கு முன் பூச்சு மருந்துதானே என்று விட்டுவைத்திருந்த சலுகை அதோடு போய்விட்டது.

இதே ஸ்டீராய்டு கலந்த ட்யூபைப் படர்தாமரைக்கும் கேட்டு வாங்குகிறார்கள். நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் படர்தாமரை சாதாரணம். ஸ்டீராய்டு பட்டதும் அரிப்பு நிற்கும். உள்ளே பூஞ்சை பரவும். உருமாறிப் பரவுவதால் அடுத்த டாக்டருக்கும் அடையாளம் தெரியாது. வீடு முழுக்கத் தொற்றிய பிறகுதான் தோல் ஓபிக்கு வருகிறார்கள்.

இனி இரண்டாவது வகை. உங்களில் சிலரிடம் ஏஜென்ட் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற, பெயர் மட்டும் பளபளக்கும் டப்பா. சிலர் பேன்சி ஸ்டோரிலோ பியூட்டி பார்லரிலோ வாங்கி, பரு வந்த பிறகு மருந்துக்கு உங்களிடம் வருவார்கள். இவற்றில் பலவற்றில் இருப்பது பாதரசம். மெலனினை உண்டாக்குகிற டைரோசினேஸ் நொதியில் செம்பு இருக்க வேண்டிய இடத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்கிறது, நிறம் குறைகிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. சிறுநீரகத்துக்குப் போகிறது.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் இருவரும், கால் வீங்கி, சிறுநீரில் நுரை தள்ளி வந்தவர்களைக் கவனித்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு கெடுகிற மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்ற நோய். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேர் இந்த நோயோடு வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயிலேயே மிக அரிதான ஒரே வகை. துருவிக் கேட்டபோது 15இல் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். முதலில் கண்ணில் பட்டவர் 14 வயதுச் சிறுமி. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. அந்த க்ரீம்தான் காரணம் என்பதற்கு அது வலுவான சாட்சி. இதே செய்தியைக் கென்யாவின் நைரோபியிலிருந்து டாக்டர்கள் 1972லேயே எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதே சிறுநீரகக் கேடு, அதே பாதரசம், நம் பக்கத்து மாநிலத்தில். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடைகடையாகச் சோதனைக்கு இறங்கியது.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் கையெழுத்திட்டு 2018இல் உறுதி செய்திருக்கிறது. ஆகவே பாதரச க்ரீமை விற்பது சந்தேகத்துக்கிடமில்லாத குற்றம். அதை அடையாளம் காண ஆய்வுக்கூடம் தேவைப்படாத சில குறிகள் உண்டு. தயாரித்தவர் முகவரி இருக்காது. உரிம எண் இருக்காது. உட்பொருள் பட்டியல் இருக்காது. இருந்தால் கலோமல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் அயோடைடு போன்ற பெயர்களில் ஒளிந்திருக்கும். தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் ஐயமே வேண்டாம். தெற்காவணி மூல வீதியில் எந்தப் பத்தரைக் கேட்டாலும் சொல்வார்: தங்கத்தில் பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும்.

பூசியவரோடும் இது நிற்காது. 2010இல் கலிபோர்னியாவில், க்ரீம் பூசியவர்களின் வீட்டில் அதைத் தொடாத குடும்பத்தாரின் உடம்பிலும் பாதரசம் இருந்ததைச் சுகாதாரத் துறையினர் கண்டார்கள். துண்டிலும் தலையணையிலும் ஒட்டுகிறது, ஆவியாகிறது, தாயின் கன்னத்தில் கன்னம் வைக்கிற குழந்தைக்குப் போகிறது. கர்ப்பத்தில் தொப்புள்கொடி வழியாகவும் போகிறது.

மூன்றாவதாக, குளூட்டாதயோன் ஊசி. நிறத்துக்காக இதை நரம்பில் ஏற்றிக்கொள்வதற்கு இந்தியாவில் அனுமதி இல்லை. பிலிப்பைன்ஸ் அரசு, சிறுநீரகம், ஈரல், தோல் ஆகியவற்றுக்கு நேரும் கேடுகளைச் சொல்லி வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. பார்லரில் போட்டுக்கொள்ள ஊசியும் சிரிஞ்சும் கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கிக்கிருவாங்க." உண்மைதான், வாங்குவார்கள். ஆனால் ஒரு கடையில் மறுத்தால் கோபப்படுகிறவர், இரண்டாவது கடையிலும் மறுத்தால் யோசிப்பார். மூன்றாவது கடையில் "முகத்துக்கு இது வேணாம்மா, தோல் டாக்டரைப் பாரு" என்று சொன்னால் பயப்படுவார். அந்தப் பயம் நல்லது. இன்னொரு பதில்: "டாக்டர்தானே எழுதிக் குடுக்குறாரு." சில டாக்டர்கள் கண்மூடித்தனமாக எழுதுகிறார்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு முந்திய கசங்கிய சீட்டையும், தோழி பூசிய காலி ட்யூபையும் காட்டி வாங்குகிறவர்களுக்கு எந்த டாக்டரும் பொறுப்பில்லை. மூன்றாவது பதிலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இது சீக்கிரம் விற்கிற சரக்கு. வாடகை, கரண்ட், ஆள் சம்பளம், பெரிய கம்பெனிகளின் தள்ளுபடிப் போட்டி எல்லாம் உங்கள் கழுத்தை நெரிப்பது தெரியும். ஆனால் சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைக்கு வருடம் முழுவதும் வருகிற குடும்பம்தான் உங்கள் வியாபாரம். அந்த வீட்டுப் பெண்ணின் முகத்தைக் கெடுத்தது எந்தக் கடை என்று ஒருநாள் அவர்களுக்குத் தெரியவரும்.

ஏன் கேட்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். பெண் பார்க்க வந்து போனவர்கள் "பொண்ணு நல்ல பொண்ணுதேன், கொஞ்சம் கலர் கம்மி" என்று தரகரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ஒரு சொல் வீட்டுக்குள் பல மாதம் சுற்றுகிறது. ஜவுளிக்கடை வாசலில், ரிசப்ஷனில், நிற்க வைக்கிறவர்கள் நிறம் பார்க்கிறார்கள். இப்போது பையன்களும் கேட்டு வாங்குகிறார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் வாய் மாறவில்லை. நிறத்தை மாற்றுவதாகச் சொல்லும் விளம்பரங்களைத் தண்டனைக்குள் கொண்டுவர அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. அந்தச் சட்டம் வருகிறபோது வரட்டும். நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

வைகைப் பாசன வயலில் சித்திரை வெயிலிலும் குனிந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு, அவருடைய தோலில் உள்ள மெலனின்தான் காப்பு. புற ஊதாக் கதிரை அது உள்ளே விடாமல் பிடிக்கிறது. மெலனின் இல்லாமல் பிறக்கிறவர்கள் ஆப்பிரிக்க வெயிலில் இளம் வயதிலேயே தோல் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். இந்த வெயிலுக்கு இந்தத் தோல் ஏற்றது. நோய் எதுவும் இல்லாத ஒன்றுக்கு மருந்து விற்கத் தேவையில்லை. கேட்டு வருகிற பெண்ணிடம் இதை நீங்கள் சொல்லுங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் வீட்டில் நாங்கள் சொல்வதைவிட அதிகம் எடுபடும்.

நான் கேட்பது இவைதான்.

சிவப்புக் கோடு போட்ட எந்த முகப்பூச்சையும் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள். பழைய சீட்டென்றால் தேதியைப் பாருங்கள், எத்தனை வாரத்துக்கு எழுதியது என்று பாருங்கள். காலி ட்யூபைச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு க்ரீமை மாதக்கணக்கில் பூசுகிறவர் வந்தால், "இன்னைக்கே தூக்கிப் போடு" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் முகம் வெடித்துவிடும். பயந்து மறுபடி பூசுவார்கள். எப்படிப் படிப்படியாக விடுவது, இடையில் எதைப் பூசுவது என்று தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பெரியாஸ்பத்திரியில் தோல் ஓபிக்குக் காசில்லை. அதை வழி சொல்லி அனுப்புங்கள்.

கால் வீக்கம், முக வீக்கம், சிறுநீரில் நுரை என்று மாத்திரை கேட்டு வருகிறவரிடம், "முகத்துக்கு என்ன பூசுறீங்க" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். கோட்டக்கல்லில் நோயின் வேரைப் பிடித்தது அந்தக் கேள்விதான்.

முகவரியில்லாத டப்பாவைக் கொண்டுவருகிற ஏஜென்டைத் திருப்பி அனுப்புங்கள்; மருந்து ஆய்வாளருக்கும் சொல்லிவிடுங்கள். மருந்தால் வந்த பாதிப்பைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் நாடு முழுவதற்கும் இருக்கிறது. அதை மேஜையில் ஒட்டி வையுங்கள்.

உங்கள் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். "முகத்துக்குப் பூசும் ஸ்டீராய்டு க்ரீம் டாக்டர் சீட்டு இல்லாமல் இங்கே கிடைக்காது" என்று தமிழில், பெரிய எழுத்தில் ஒரே மாதிரி பலகை செய்து மாவட்டம் முழுவதும் கடைகளில் மாட்டுங்கள். எல்லாக் கடையிலும் பலகை இருந்தால் எந்தக் கடைக்காரருக்கும் நஷ்டமில்லை. "அடுத்த கடையில வாங்கிக்கிருவாங்க" என்ற பேச்சுக்கும் இடமில்லை. வாங்க வருகிற பெண்ணுக்கும், நம்மை மட்டும் மறுக்கிறார்கள் என்ற மனவருத்தம் இராது.

தை முகூர்த்தத்துக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பலகை மாட்டப்பட வேண்டும். பத்து கடை சேர்ந்து ஆரம்பித்தாலும் போதும், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்கிற வேலையில் என்னைப் போன்றவர்கள் உங்கள் பக்கம் நிற்போம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் கடைகளுக்கு வந்துபோகும் மதுரைக்காரி ஒருத்தி